பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

2019 மே 19, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் 13 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. தர்மபுரி தொகுதியில் 8, தேனியில் 2, திருவள்ளூர், கடலூர், ஈரோடு தொகுதிகளில் தலா 1. திருவள்ளூர் தொகுதியில் நடந்த அந்த ஒன்று நம் பூந்தமல்லி சட்டமன்றப் பகுதிக்குள் இருந்தது. ஏப்ரல் 18-ஆம் தேதி வெயிலில் நின்று இடது கை ஆள்காட்டி விரலில் மை வாங்கியவர்கள், ஒரு மாதம் கழித்து அக்னி நட்சத்திரத்தில் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். மறுவாக்குப்பதிவில் நடுவிரலில்தான் மை வைப்பார்கள். ஆள்காட்டி விரலில் பழைய மை இருக்குமல்லவா?

காரணங்கள் சாவடிக்குச் சாவடி வேறு. தர்மபுரியில் எழுந்த புகார்கள் ஒரு வகை. அவற்றுக்குள் நான் போகவில்லை. அந்த ஆண்டு அதிகம் அடிபட்ட இன்னொரு காரணத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மாதிரி வாக்குப்பதிவில் போட்ட ஓட்டுகளை அழிக்காமலே உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டார்கள் என்பது அது. கேரளத்தில் எர்ணாகுளம் தொகுதி களமசேரியில் ஒரு சாவடியில் ஓட்டுப் போட்டவர்களைவிட இயந்திரத்தில் 43 ஓட்டுகள் அதிகம் இருந்தன. காலையில் சோதனைக்காகப் போட்ட ஓட்டுகள் உள்ளேயே தங்கிவிட்டன. அங்கே ஏப்ரல் 30-ஆம் தேதி எல்லோரையும் மறுபடி கூப்பிட்டார்கள்.

ஒரு பட்டனை அழுத்தாததற்கு ஒரு ஊரே இரண்டு முறை வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாவடி அதிகாரி நடவடிக்கைக்கு ஆளாகிறார். பத்திரிகையில் ‘ஊழியர்களின் அலட்சியம்’ என்று நாலு வரி வருகிறது. அத்தோடு எல்லோரும் மறந்துவிடுகிறோம். அலட்சியம் என்ற சொல்லோடு விஷயத்தை முடித்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. எலெக்‌ஷன் டியூட்டி பார்த்தவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கும் சம்மதம் இருக்காது.

பார்க்காதவர்களுக்காக, காலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், ஐந்தரைக்கு. குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் இருக்க வேண்டும். வராவிட்டால் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். குறைந்தது 50 ஓட்டு. நோட்டா உட்பட ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஓட்டாவது விழ வேண்டும். யார் எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு ஏழு வினாடி தெரிந்து, பிறகு உள்ளே விழும்.

ஐம்பது முடிந்ததும் கண்ட்ரோல் யூனிட்டில் மூன்று பட்டன்கள், இந்த வரிசையில்: முதலில் ‘குளோஸ்’, அதாவது முடி. அடுத்து ‘ரிசல்ட்’, கணக்கைக் காட்டு. கடைசியாக ‘கிளியர்’, அழி. இயந்திரம் காட்டும் கணக்கும் தாளில் குறித்ததும் விவிபேட் சீட்டுகளும் ஒத்துப்போக வேண்டும். அழித்த பிறகு ‘டோட்டல்’ பட்டனை அழுத்தினால் பூஜ்யம் வர வேண்டும். அதை ஏஜெண்டுகளுக்குக் காட்ட வேண்டும்.

அதோடு முடியவில்லை. விவிபேட் பெட்டிக்குள் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ‘மாதிரி’ என்று முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு, அரக்கு வைத்து, அந்த உறையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டப்பாவைச் சுற்றி இளஞ்சிவப்புக் காகித சீல் ஒட்ட வேண்டும். விவிபேட் பெட்டி காலி என்று காட்ட வேண்டும். மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் கண்ட்ரோல் யூனிட்டுக்குப் பச்சைக் காகித சீல். கிளியர் பட்டன் அந்த சீலுக்குப் பின்னால் போய்விடும். மாலை வரை யாரும் அதைத் தொட முடியாது. அது நல்லதுதான். தொட முடிந்தால் உண்மையான ஓட்டுகளை அல்லவா அழித்துவிடலாம்!

2019-ல் பூந்தமல்லியில் நாடாளுமன்றத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் ஒரே நாளில் வந்தது. ஒவ்வொரு சாவடியிலும் இரண்டு செட் இயந்திரம். இரண்டு மாதிரி வாக்குப்பதிவு, இரண்டு முறை அழிப்பு, இரண்டு கறுப்பு உறை. இதையெல்லாம் செய்கிறவர்கள் முந்தின நாள் சாமான்களை எண்ணி வாங்கி, வேனில் வந்து, பள்ளிக்கூட பெஞ்சில் கொசுவோடு படுத்து, நாலு மணிக்கு எழுந்து குளித்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும்.

என் காலத்துப் பழைய தேர்தல்களில் பெட்டிதான். தொடங்குமுன் மூடியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, ஏஜெண்டுகளிடம் காட்டுவோம். சிலர் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார்கள். காலி என்பது கண்ணுக்குத் தெரியும் விஷயமாக இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தது. இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்க முடியாது. அதனிடம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது தானாக வாயைத் திறந்து ‘என் வயிற்றில் 50 ஓட்டு இருக்கிறது’ என்று சொல்லாது. பழைய முறையில் சோதனை என்பது பார்ப்பது மட்டும்தான். அதனால் சோதனை எந்தத் தடயத்தையும் விட்டுவைக்காது. புதிய முறையில் சோதிப்பதற்காகவே உள்ளே எதையாவது போட வேண்டியிருக்கிறது. போட்டதை எடுக்கிற வேலையும் அங்கேயே பிறந்துவிடுகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இதற்கு ஒரு நல்ல சொல் தெரியும். பரீட்சைக்கு முன் நடத்தும் மாதிரித் தேர்வை ‘எக்ஸமென் ப்ளான்’ என்பார்கள். நேராகச் சொன்னால் ‘வெள்ளைப் பரீட்சை’. குண்டில்லாத வெற்று வேட்டுக்கும் அதே ‘வெள்ளை’தான். மதிப்பெண் போடுவார்கள், திட்டுவார்கள், ஆனால் அந்த மதிப்பெண் உண்மைப் பரீட்சைக் கணக்கில் ஏறாது. ஏறினால் அது வெள்ளைப் பரீட்சை இல்லை. மாதிரி ஓட்டும் அப்படித்தான். 50 ஓட்டும் சரியாக விழுந்து, கணக்கும் ஒத்துப்போனாலும், பலகை மறுபடி வெள்ளையாகும் வரை அந்தச் சோதனை முடிந்ததாகாது.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. இந்தக் கதையை அவளிடம் சொன்னபோது, “தாத்தா, எங்களுக்கு இது தினமும் நடக்கிற கதை” என்றாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அவர்கள் எழுதும் புரோகிராமைச் சோதிக்க நூற்றுக்கணக்கான குட்டிச் சோதனைகள் எழுதி வைத்திருப்பார்கள். அவற்றை வரிசையாக ஓட்டி, எது தேறியது, எது தேறவில்லை என்று பட்டியல் கொடுக்க ‘டெஸ்ட் ரன்னர்’ என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று பாகம். முதலில் ‘செட்அப்’: அடுப்பு மூட்டுவது போல ஏற்பாடு. நடுவில் சோதனை. கடைசியில் ‘டேர்டவுன்’: பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது. ஒரு சோதனை தோற்றால் ரன்னர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். ஒன்று தோற்றதற்காக எல்லாவற்றையும் நிறுத்தாது.

ஆனால் தோற்ற சோதனை தன் குப்பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனால், அடுத்து வரும் ஒழுங்கான சோதனையும் அந்தக் குப்பையில் தடுக்கி விழும். பட்டியலில் இரண்டும் தோல்வி என்று வரும். தப்பு ஒருவனுடையது, கெட்ட பேர் அடுத்தவனுக்கு. அதனால் சோதனை பாதியில் தோற்றாலும் கழுவும் பாகம் கட்டாயம் நடக்கும்படி செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு என்றாள். பைத்தான் என்ற மொழியில் உள்ள ‘யூனிட்டெஸ்ட்’ என்ற ஏற்பாட்டில், செட்அப்பே பாதியில் தோற்றுவிட்டால் டேர்டவுன் நடக்காது. மூட்டிய பாதி அடுப்பு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்துதான் என்னை யோசிக்க வைத்தது. ‘ஆட்கிளீன்அப்’ என்று ஒரு கட்டளை. ஒரு பொருளை எடுத்த கையோடு, அடுத்த வேலைக்குப் போகும் முன்பே, ‘இதைத் திருப்பி வைக்க வேண்டும்’ என்று ரன்னரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு செட்அப் தோற்றாலும் சரி, சோதனை தோற்றாலும் சரி, ரன்னர் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்து, கடைசியில் சொன்னதை முதலில் என்று தலைகீழ் வரிசையில் எல்லாவற்றையும் திருப்பி வைக்கும். நம் ஊர்ப் பந்தல்காரர் கடைசியாகக் கட்டிய கயிற்றை முதலில் அவிழ்ப்பாரே, அதே முறை.

முக்கியமான சொல் ‘முன்பே’. எல்லாம் முடிந்தபின் ஞாபகமாகச் செய்வோம் என்று விடுவதில்லை. முடிவு எப்படி ஆகும் என்று தெரியாத நேரத்திலேயே அந்த வேலையைப் பதிவு செய்துவிடுகிறார்கள்.

இப்போது சாவடிக்குத் திரும்புவோம். எல்லாம் ஒழுங்காக நடக்கும் சாவடியில் அழிக்க மறப்பது சுலபமில்லை. ஏனென்றால் குளோஸ் பட்டனை அழுத்திய இயந்திரம், அழிக்கும் வரை அடுத்த ஓட்டை வாங்காது. முதல் வாக்காளரிடமே விஷயம் தெரிந்துவிடும். ஆகவே மறதி நடப்பது குளோஸுக்கே போகாத இடத்தில்தான். மூன்று பட்டன்களையும் சேர்த்தே விட்டுவிடுவது.

அது எப்போது நடக்கும்? இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி ஓட்டு 23 விழுந்திருக்கிறது. விவிபேட் பெட்டி தகராறு செய்கிறது. மணி ஆறே கால். ஜோனல் ஆபீசருக்குப் போன். மாற்றுப் பெட்டி வர ஆறு நாற்பது. வெளியே வரிசை கூடிவிட்டது. ‘நடைபயிற்சிக்குப் போகிற நேரம், சீக்கிரம் விடுங்க சார்’ என்று குரல். ஒரு ஏஜெண்டு கடிகாரத்தைக் காட்டுகிறார். புதுப் பெட்டியை மாட்டி, இன்னும் சில ஓட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். சீட்டு ஒழுங்காக விழுகிறது. ‘அப்பாடா, சரியாகிவிட்டது!’ என்று எல்லோருக்கும் மூச்சு வருகிறது. ஏழு அடிக்கிறது. கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

மாறியது விவிபேட் மட்டும். கண்ட்ரோல் யூனிட் மாறவில்லை. அதன் வயிற்றில் 23-ம் அதற்கு மேல் போட்ட சிலவும் அப்படியே இருக்கின்றன. கழற்றி ஓரமாக வைத்த பழைய விவிபேட்டுக்குள்ளும் சீட்டுகள் கிடக்கின்றன. சோதனை பாதியில் தோற்றதால் கவனம் முழுவதும் தோல்வியைச் சரிசெய்வதில் போய்விட்டது. சரியானதும் வந்த நிம்மதியில் கழுவுகிற வேலை கரைந்துவிட்டது. அந்தப் பெண் சொன்ன ‘பாதி அடுப்பு’ இதுதான்.

இதை அலட்சியம் என்று சொல்லலாமா? தூக்கமில்லாத ஒரு மனிதரின் ஞாபகத்தில் ஒரு முக்கியமான காரியத்தைத் தொங்கவிட்டிருக்கிறோம் என்பதுதான் என் கணிப்பு. நாட்டில் பத்து லட்சம் சாவடிகள் என்ற கணக்கில் தேர்தல் நடக்கிறது. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஞாபகம் தவறாமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

சிலர் சொல்லும் முதல் வழி, மாதிரி வாக்குப்பதிவையே எடுத்துவிடுவது. முன்கூட்டியே இத்தனை சோதனை நடக்கிறதே, காலையில் வேறு எதற்கு என்பது அவர்கள் வாதம். உண்மைதான், முன்கூட்டியும் நடக்கிறது. முதல் நிலைச் சரிபார்ப்பிலேயே 1 சதவீத இயந்திரங்களில் 1,200 ஓட்டு, 2 சதவீதத்தில் 1,000, இன்னொரு 2 சதவீதத்தில் 500 என்று போட்டுப் பார்க்கிறார்கள். வேட்பாளர் பெயர்களை ஏற்றும்போது 5 சதவீத இயந்திரங்களில் மறுபடி 1,000 ஓட்டு. ஆனால் அதெல்லாம் சில இயந்திரங்களுக்கு, வேறு இடத்தில், வேறு நாளில் செய்வது. என் ஓட்டு விழப்போகிற இயந்திரத்தை, என் சாவடியில், என் கட்சி ஏஜெண்டு கண் முன்னால் சோதிப்பது காலை ஐந்தரைக்குத்தான். அதை எடுத்துவிட்டால் சந்தேகப்படுகிறவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது வழி, இயந்திரத்துக்கே சொல்லிக் கொடுப்பது. ‘இப்போது மாதிரி’ என்று ஒரு பட்டன் வைத்துவிட்டால், ஐம்பது முடிந்ததும் அது தானாக அழித்துக்கொள்ளும். மறதிக்கே இடமில்லை. கேட்டவுடன் எல்லோரும் தலையாட்டும் யோசனை இது. ஆனால் இதில் பெரிய ஆபத்து இருக்கிறது.

2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான ஃபோக்ஸ்வாகன் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். டீசல் கார்களில் ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். கார் சோதனைக்கூடத்தில் ஓடுகிறதா, சாலையில் ஓடுகிறதா என்று அது கண்டுபிடித்துவிடும். சோதனையில் புகையை அடக்கி நல்ல பிள்ளையாக நிற்கும். சாலைக்கு வந்ததும் அனுமதித்ததைவிடப் பல மடங்கு விட்டுத்தள்ளும். தான் சோதிக்கப்படுகிறோம் என்று தெரிந்த இயந்திரத்தின் சோதனைக்கு என்ன மதிப்பு? ஓட்டு இயந்திரத்துக்கு ‘இது மாதிரி, இது அசல்’ என்று நாமே சொல்லிக் கொடுத்தால் அதே கேள்வி இங்கேயும் வரும். இயந்திரம் மோசடி செய்யும் என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று காட்டுவதற்காகத்தான் மாதிரி வாக்குப்பதிவே இருக்கிறது. மாதிரி ஓட்டுக்கும் அசல் ஓட்டுக்கும் வித்தியாசம் தெரியாத இயந்திரத்தில்தான் அந்தக் காட்டுதல் செல்லும்.

தானாக அழிந்துகொள்கிற இயந்திரம் என்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் தானாக அழியத் தெரிந்தது மதியம் அழியாது என்று எந்த ஏஜெண்டை நம்ப வைக்க முடியும்? அழிப்பது மனிதக் கையால், பத்துக் கண்கள் பார்க்க, ஒரு முறை மட்டும் நடக்க வேண்டிய காரியம். அது அப்படியே இருக்கட்டும்.

ஆகவே என் கட்சி மூன்றாவது வழி. இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். மேஜையை மாற்றினால் போதும்.

முதலாவது, சாஃப்ட்வேர்காரர்களின் ‘முன்பே’. மாதிரி ஓட்டின் முதல் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கறுப்பு உறை, முத்திரை, இளஞ்சிவப்பு சீல், நிரப்பாத சான்றிதழ் நான்கையும் பையிலிருந்து எடுத்து மேஜையில், கண்ட்ரோல் யூனிட்டுக்குப் பக்கத்தில் பரப்ப வேண்டும். சோதனை தேறினாலும் தோற்றாலும், பெட்டி மாறினாலும் மாறாவிட்டாலும், அந்த நான்கும் மேஜையில் காலியாகக் கிடக்கும் வரை வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஞாபகம் தேவையில்லை, கண் போதும். பைக்குள் இருக்கும் உறை யாருக்கும் எதையும் நினைவூட்டாது.

இரண்டாவது, சோதனை தோற்று ஏதாவது ஒரு பெட்டியை மாற்றினால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. முதலில் குளோஸ், ரிசல்ட், கிளியர் செய்து, டோட்டல் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, மாதிரியைப் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பத்து நிமிடம் போகும். ஏழு மணி ஏழே காலாகட்டும், ஒன்றும் முழுகிப் போகாது. மறுவாக்குப்பதிவுக்கு ஒரு முழு நாள் போகிறதே!

மூன்றாவது, பூஜ்யத்தைப் பார்ப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். முதல் வாக்காளர் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன், ‘கண்ட்ரோல் யூனிட்டில் மொத்தம் பூஜ்யம் என்று சரிபார்க்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி எழுத வேண்டும் என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. நல்ல வரி. ஆனால் மாதிரி வாக்குப்பதிவை நடத்திய அதே தலைமை அதிகாரி, அதே அவசரத்தில் அதையும் எழுதினால், பார்க்காமலே எழுதுகிற பழக்கம் வந்துவிடும். ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். தான் போட்ட கூட்டலைத் தானே சரிபார்த்தால் தப்பு கண்ணில் படாது. அதற்குத்தான் இன்னொருவர் ‘டிக்’ அடிப்பார். மை வைக்கிற, பதிவேட்டைப் பார்க்கிற இரண்டாம் அதிகாரி எழுந்து போய், டோட்டலைத் தானே அழுத்தி, திரையில் பூஜ்யம் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடும் வரை முதல் வாக்காளரிடம் பேனாவைக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் எங்காவது ஒரு இடத்தில் மறக்கத்தான் போகிறது. மறந்துவிட்டது என்று பத்து மணிக்கு ஒரு அதிகாரிக்கு உறைக்கிறது என்று வையுங்கள். வாக்காளர் பதிவேட்டில் 140, இயந்திரத்தில் 190. அவர் என்ன செய்வார்? சொன்னால் சஸ்பென்ஷன் என்று பயந்தால் வாயை மூடிக்கொள்வார். மாலையில் 17சி கணக்கு எழுதும்போது வித்தியாசம் வெளியே வந்துதான் தீரும். அதற்குள் எண்ணூறு பேர் ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். டெஸ்ட் ரன்னர் தோல்வியை மறைப்பதில்லை, தோற்றவனை அடிப்பதும் இல்லை. எந்த இடத்தில், எந்த வரியில் என்று எழுதிக் கொடுக்கிறது. பத்து மணிக்கே கையைத் தூக்கிச் சொல்கிற அதிகாரிக்குத் தண்டனை இல்லை என்றும், தெரிந்தும் மறைத்தவருக்கு உண்டு என்றும் பிரித்துச் சொன்னால் பல மறுவாக்குப்பதிவுகள் தேவைப்படாமலே போகும்.

இப்படி மாட்டிக்கொண்ட இயந்திரத்தை எண்ணிக்கை நாளில் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். மற்ற எல்லாம் எண்ணி முடித்தபின், வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடிகளின் மொத்த ஓட்டைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால், விவிபேட் சீட்டுகளை எண்ணிச் சேர்ப்பார்கள். மாதிரிச் சீட்டுகளைக் காலையில் கறுப்பு உறைக்குள் எடுத்திருந்தால்தான் அதுவும் சுத்தமான கணக்காக இருக்கும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்தச் சாவடியின் ஓட்டுகள் முடிவில் எந்தப் பங்கும் பெறாமல் அப்படியே இருந்துவிடும். ஊன்றுகோலோடு வந்து ஓட்டுப் போட்ட ஒரு பாட்டிக்கு இதை யார் போய் விளக்குவது?

ஆணையத்துக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு முடிக்க மனமில்லை. ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களில் கட்சி ஏஜெண்டாக உட்காருகிறவர்கள் உண்டு. ஐந்தரைக்கு வரச் சொன்னால் ஆறே முக்காலுக்கு டீ குடித்துவிட்டு வந்து, நீட்டிய சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர்களும் அதில் உண்டு. அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம், ‘அழித்ததை என் கண்ணால் பார்த்தேன்’ என்பது. பார்க்காமல் போடாதீர்கள். “டோட்டலை ஒரு தடவை அழுத்திக் காட்டுங்க சார்” என்று கேளுங்கள். எந்த அதிகாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல அதிகாரியாக இருந்தால் சந்தோஷப்படுவார், அவர் மறந்திருந்தால் நன்றி சொல்வார்.

பிள்ளைகளோ மருமகளோ எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போகிற வீடுகளில், முந்தின நாள் தண்ணீர் பாட்டிலும் கொசுவர்த்தியும் எடுத்து வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். காலையில் முதல் மாதிரி ஓட்டுக்கு முன்னால் கறுப்பு உறை மேஜைக்கு வந்துவிட வேண்டும். முதல் அசல் ஓட்டுக்கு முன்னால் திரையில் பூஜ்யம் தெரிய வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.